அடைக்கலமும் ஊராரும்

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையே, நெல்லும், இவ்வட்டாரத்தார் மல்லாட்டை என்று வழங்கும் நிலக்கடலையும் மாறி மாறி விளையும் வயல்களின் நடுவில் அமைந்த மேல்சித்தாமூரை, தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் விளங்கும் ஊர் என்ற அளவில் பலரும் அறிவர். ஜினகாஞ்சி மடத்தின் பட்டாரகர் இலட்சுமிசேனர் என்னும் பட்டப்பெயரோடு இங்கு வீற்றிருப்பதும், பார்சுவநாதர் ஆலயத்தின் தேர்த்திருவிழாவுக்கு வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் வட்டங்களிலுள்ள நயினார் குடும்பங்கள் திரண்டு வருவதும் யாவரும் சொல்லும் செய்திகளே. ஆனால் சிற்றாமூர் என்று முற்காலத்தில் வழங்கிய இவ்வூரின் பழைமையைக் காண விரும்புவோர், பெரிய ஆலயத்தோடு நின்றுவிடாமல், மலைநாதர் கோயில் எனப்படும் சிறிய ஆலயத்தின் பாறையையும் பார்த்தல் வேண்டும். ஏறத்தாழ ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனச் சரித்திர ஆசிரியர்கள் மதிக்கும் புடைப்புச் சிற்பங்கள் அப்பாறையில் இருக்கின்றன. பாகுபலியும் தீர்த்தங்கரரும் நிற்கும் அவ்வரிசையில், அம்பிகை என்றும் தருமதேவி என்றும் பெயர் கொண்ட இயக்கியும் நிற்கிறாள்.

இத்தேவியின் சரித்திரம் சாமானியமான புராணங்களின் போக்கில் அமைந்ததன்று. கிரிநகரத்தில் சோமசர்மன் என்னும் அந்தணனுக்கு மனைவியாய் வாழ்ந்த அக்கினிலை, சிரார்த்த தினத்தன்று விருந்தினர் உண்ணுமுன்னே ஒரு சமண முனிவருக்கு அன்னமிட்டாள் என்பதற்காகக் கணவனால் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டு, இரண்டு சிறு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஊர்ஜயந்த மலைக்குப் போய், அங்கு ஒரு மாமரம் அளித்த கனிகளைக் கொண்டு அவர்களின் பசி ஆற்றினாள். பின்னர்த் தன் தவற்றை உணர்ந்த கணவன் அவளைத் திருப்பி அழைத்துவர மலையேறியபோது, அவன் தன்னைக் கொல்லவே வருகிறான் என்று அஞ்சி அவள் மலையிலிருந்து வீழ்ந்து உயிர் துறந்தாள்; நேமிநாதரின் இயக்கியாய்ப் பிறந்தாள்; அவனோ சிங்கமாய்ப் பிறந்து அவளுக்கு ஊர்தியானான். கதையைச் சொல்பவர்கள் மாமரத்தின் அற்புதத்தையும் சிங்கத்தின் அடக்கத்தையும் சிலாகிப்பார்கள். எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அவள் கொண்ட அச்சந்தான். வீட்டை விட்டு வெளியேறிய பெண்ணைத் தேடிக் கணவன் வரும் அந்த வேளையே அவளுக்கு மிகுந்த அபாயகரமான வேளை என்பதை இன்று துன்புற்ற பெண்களுக்குப் புகலிடம் அளிக்கும் துறையில் பணிபுரிவோர் அனைவரும் அறிவர். கிரிநகரத்தில் அவளுக்குக் கதவைத் திறந்த வீடு ஒன்றும் இல்லை என்பதையும், புகலிடம் தேடி அவள் மலைக்கே போக நேர்ந்தது என்பதையும், அவளைத் தொழுது வந்தவர்கள் எவ்வளவு தூரம் சிந்தித்தார்களோ!

சிந்தித்தார்கள் என்று கொள்வதற்கு ஒரு சாஸனம் சான்றாக இருக்கிறது. மேல்சித்தாமூருக்கு வடக்கே, வந்தவாசி வட்டத்தில் தேசூரை அடுத்துள்ள வேடல் என்னும் ஊரின் குன்றில் இயற்கையான குகைகள் இருக்கின்றன. விடால் என்று கல்வெட்டுகளில் வழங்கும் அவ்வூரில், பல்லவர் காலந்தொட்டே ஒரு சமணப் பள்ளி இருந்தது. முதலாம் ஆதித்த சோழனின் பதினான்காம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ 885-இல், அங்கே பொறிக்கப்பட்ட கல்வெட்டு, குணகீர்த்தி பட்டாரரின் மாணாக்கியாரான கனகவீர குரத்தியார் என்னும் பெண் துறவியைப் பற்றிக் கூறுகிறது. அப்பள்ளியைச் சார்ந்த ஐந்நூறு மாணாக்கருக்கும் நானூறு தவப்பெண்டிருக்கும் இடையே ஏதோ ஒரு விரோதம் மூண்டது என்றும், அதன் விளைவாகக் கனகவீர குரத்தியாரையும் அவர் வழி மாணாக்கியரையும் காத்து அவர்களுக்கு உணவளிக்கும் பொறுப்பை அப்பகுதி மக்கள் ஏற்றனர் என்றும் ஆய்வாளர்கள் அச்சாஸனத்துக்குப் பொருள் கண்டிருக்கின்றனர். விடால் அடங்கியிருந்த பிரிவுக்குக் கல்வெட்டுத் தரும் பெயர் சிங்கபுரநாடு. அப்பெயரைச் செஞ்சியை அடுத்த சிங்கவரம் இன்றும் தாங்கி நிற்கிறது.

இதைப் படிக்கும் நவீன வாசகர், இவர்கள் துறவிகள்தாமே, இவர்களை இல்லறத்தில் துன்புற்று வெளியேறிய பெண்களோடு ஒப்பிடுவது எங்ஙனம் பொருந்தும் என்று ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் நியாயமானதே. ஆயினும் நானூறு என்ற தொகையை ஒருவர் நிதானமாக எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு குன்றின் அடியில், உழவே தொழிலாகக் கொண்ட ஒரு நாட்டுப்புறத்தில், நானூறு பெண்கள் கணவன்மார்களின் வீடுகளுக்கும் தந்தைமார்களின் வீடுகளுக்கும் வெளியே, ஒரு பெண்ணின் தலைமையில் வாழ்ந்தனர் என்றால், அத்தனை பேரும் ஞானவைராக்கியம் ஒன்றினாலேயே வந்தவர்கள் என்று நம்புவதற்கு மனித சுபாவத்தைப் பற்றி நாம் அறிந்தவற்றையெல்லாம் மறந்தாக வேண்டும். கைம்மையும் வறுமையும் பிள்ளைப்பேறின்மையும் கணவனின் புறக்கணிப்பும் துறவுக்கு வாயிலாவது எல்லாச் சமயங்களிலும் கண்ட உண்மை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் தாழ்நில நகரங்களில், ஆயுட்கால விரதம் பூணாமல், மதில் சூழ்ந்த குடியிருப்புகளில் தம் உழைப்பால் பிழைத்த பெகீன் மாதர்களிலும் இத்தகையோர் பலர் இருந்தனர். பௌத்தக் காவியமாகிய குண்டலகேசியின் தலைவியோ, தன்னைக் கொல்லத் துணிந்த கணவனைத் தானே மலையிலிருந்து தள்ளிவிட்டுத் துறவு பூண்டவள்.

குரத்தியார்களின் செல்வாக்கும் விடால் ஒன்றோடு முடிந்ததன்று. தென்கோடியில் கழுகுமலையின் வட்டெழுத்துச் சாஸனங்களில் திருச்சாரணத்துக் குரத்தியார் முதலிய பல பெண் ஆசிரியர்களின் பெயர்கள் வருகின்றன. திண்டிவனத்தை அடுத்த தாதாபுரத்தில், முதலாம் இராஜராஜனின் தமக்கை குந்தவைப் பிராட்டியார், சிவனுக்கும் திருமாலுக்கும் கோயில் எடுப்பித்ததோடு நில்லாமல் குந்தவை ஜினாலயம் ஒன்றையும் எடுப்பித்தார். பெண்கள் கொடுத்தும், பெண்கள் கற்பித்தும், பெண்கள் தங்கியும் வந்த ஸ்தாபனங்களின் ஒரு தொடர்ச்சி இப்பிரதேசத்தில் இருந்தது என்பதே இவற்றால் பெறப்படுவது.

விடால் சாஸனத்தில் நான் வற்புறுத்த விரும்பும் அம்சம் வேறொன்று. அப்பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது யாருக்கும் மறைவான செய்தியன்று. விரோதிகளும் அதே ஊரில், அதே பள்ளியைச் சார்ந்தே இருக்கிறார்கள். அப்படியிருக்க, அவர்களுக்குக் காவலாக அமைந்தது எது? அவர்களைக் காப்பதும் சோறிடுவதும் தம் கடமை என்று ஊரார் வெளிப்படையாகச் செய்துகொடுத்து, யாவரும் காணும்படி கல்லில் வெட்டுவித்த பிரதிக்ஞையே காவலாக அமைந்தது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலும் இதே தத்துவந்தான் செயற்படுகிறது. கவுந்தியடிகள் என்னும் சமணத் துறவியார் மதுரையின் புறஞ்சேரியில் கண்ணகியை மாதரி என்னும் ஆய்ச்சியிடம் ஒப்படைக்கும்போது, அவளை ஒளித்து வை என்று சொல்லவில்லை. அடைக்கலமாக ஏற்றுக்கொள் என்று பலர் அறியவே ஒப்படைக்கிறார். ஆயர் சேரியில் ஒரு புது வீடு கண்ணகிக்கு அமைகிறது. மாதரியின் மகள் ஐயை அவளுக்குத் துணையாகிறாள். கோவலன் கொலையுண்டு அந்த அடைக்கலம் சிதைந்தபோது மாதரி தீப்புகுந்தாள், கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார் என்று காவியம் கூறுவது, ஏற்ற பொறுப்பின் கனத்தை அக்காலத்தார் எவ்வாறு அளந்தனர் என்பதைக் காட்டும்.

குரத்தியார்களின் பள்ளிகள் மறைந்த பின்னர், பல நூற்றாண்டுகள் கிராமத்துப் பெண்ணுக்குப் புகலிடமாயிருந்தது தாய்வீடு ஒன்றே. இதை அற்பமாக நினைக்கலாகாது. மாமன் மகனையும் அத்தை மகனையும் மணக்கும் சம்பிரதாயமுள்ள தமிழ்நாட்டு உழவர் குடிகளில், மாமியார் பெரும்பாலும் அத்தையாகவே இருந்தாள். பிறந்த ஊரும் புகுந்த ஊரும் ஒரு பகற்பொழுதில் நடந்துவிடக்கூடிய தூரத்தில் இருந்தன. கோபித்துக்கொண்டு வந்த பெண்ணைத் திருப்பி அனுப்புமுன் அண்ணன் தம்பிமார் நாலுபேரைக் கூட்டி நியாயம் கேட்பதும், நியாயம் கிட்டாவிட்டால் பெரியோர் முன்னிலையில் மணவுறவை அத்துவிடுவதும் பல சாதிகளில் வழக்கமாயிருந்தன. ஆனால் இந்த ஏற்பாடு பெற்றோர் உயிரோடிருக்கும் வரையிலும், அண்ணன் மனைவி முகம் சுளிக்காத வரையிலுமே செல்லுபடியாகும். வாழாவெட்டி என்ற ஒரு சொல்லைக் கேட்கச் சகியாமல் அடிபட்ட உடம்போடு கணவன் வீட்டுக்கே திரும்பிப் போனவர்கள் எத்தனை ஆயிரம் பேரோ! மறுமணமும் மணமுறிவும் அனுமதிக்காத உயர்சாதிக் குடும்பங்களில், பாலியத்தில் தாலியிழந்த பெண்ணுக்குத் தாய்வீடே சிறையாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் சீர்திருத்தக்காரர்கள் கண்டு இரங்கியது இந்தச் சிறையைத்தான். மகாத்மா ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் 1863-இல் புனேயில், கருவுற்ற விதவைகள் வந்து ரகசியமாகப் பிரசவித்துச் செல்ல ஓர் இல்லம் திறந்தனர். பண்டித ரமாபாய் 1889-இல் பம்பாயில் சாரதா சதனத்தை ஆரம்பித்தார். 1896-ஐ அடுத்த பஞ்சகாலத்தில், புனேயிலிருந்து தொலைவிலுள்ள கேட்காவ் என்ற கிராமத்தில் அவர் வாங்கியிருந்த நிலம், பஞ்சத்தில் பெற்றோரையும் கணவரையும் இழந்த நூற்றுக்கணக்கான பெண்கள் உழுதும் நெய்தும் அச்சுக்கோத்தும் பிழைக்கும் முக்தி சதனமாயிற்று. கிராமத்தில் வேர்கொண்ட நவீனப் புகலிடம் என்று சொல்லத்தக்கவற்றுள் அது முன்னிலையில் வைக்கத்தக்கது.

நம் மாகாணத்தில் சகோதரி சுப்புலட்சுமியின் பணி வேறு திசையில் சென்றது. பாலவிதவையாகிய அவர் 1911-இல் பி.ஏ. பட்டம் பெற்று, எழும்பூரில் தம் வீட்டிலேயே சில இளம் விதவைகளுக்கு இடமளித்துப் படிக்கவைத்தார். அம்முயற்சி வளர்ந்து, திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்னும் பெரிய கட்டடத்தை அரசாங்கம் விதவைகள் விடுதியாக்கும் அளவுக்கு உயர்ந்தது. அங்கிருந்து உபாத்தியாயினிகளாகவும் வைத்தியர்களாகவும் வெளிவந்தவர்களால் தமிழ்நாட்டின் பெண்கல்வி அடைந்த நன்மைக்கு அளவில்லை. எனினும் அவ்விடுதி ஆரம்பத்தில் பிராமண விதவைகளுக்கென்றே நடத்தப்பட்டது. பெண் கிராமத்தை விட்டுச் சென்னைக்கு வந்தாலன்றி அதன் உதவி கிட்டாது. சாதி என்னும் வேலியை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி உடைத்தார். தேவதாசிக் குலத்தில் பிறந்து அத்தொழிலை உதறிவந்த பெண்களை ஏற்க விடுதிகள் மறுத்தபோது, அவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டு 1930-இல் அவர் தொடங்கியதே அவ்வை இல்லம். தூரம் என்னும் வேலி மட்டும் அப்படியே நின்றது. செஞ்சிச் சீமையிலிருந்து ஒரு வன்னியப் பெண்ணோ ஆதிதிராவிடப் பெண்ணோ தனியாக ரயிலேறிச் சென்னைக்குப் போய் அவ்வை இல்லத்தின் கதவைத் தட்டுவது அக்காலத்தில் நினைத்துப் பார்க்கவும் அரியது.

சுதந்திரத்துக்குப் பின் இக்காரியம் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1953-இல் துர்காபாய் தேஷ்முக்கைத் தலைவராகக் கொண்டு மத்திய சமூகநல வாரியம் அமைந்தது. 1956-இன் விபசாரத் தடைச் சட்டம் பாதுகாப்பு இல்லங்களைத் தோற்றுவித்தது. 1969-இல் குறுகிய காலத் தங்கு இல்லங்களுக்கான திட்டம் வந்தது. தமிழ்நாட்டு அரசு தாம்பரம், கடலூர், சேலம், தஞ்சை முதலிய இடங்களில் நிறுவிய சேவை இல்லங்களில், விதவைகளும் கைவிடப்பட்டோரும் குழந்தைகளோடு தங்கிப் பள்ளியிறுதி வரை படிக்கவும், தையல் முதலிய தொழில் பழகவும் வசதி செய்யப்பட்டது. இரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் இருபத்தைந்தாம் வயதில் மீண்டும் பாடப்புத்தகத்தைத் திறந்தது இவற்றால்தான்; இவற்றுக்கு உரிய புகழ் இன்னும் கிட்டவில்லை என்பது என் அபிப்பிராயம். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லங்களைப் பற்றி அவ்வாறு சொல்வதற்கில்லை. நீதிமன்ற உத்தரவால் பெண் அங்கு அனுப்பப்பட்டாள். உத்தரவின்றி வெளியே போக அவளால் இயலாது. குற்றம் செய்தவனுக்குச் சிறை, குற்றத்துக்கு இலக்கானவளுக்கும் பூட்டு என்றால், புகலிடம் என்ற பெயர் அதற்கு எவ்விதம் பொருந்தும்?

இன்று உலகெங்கும் பேசப்படும் பெண்கள் காப்பகத்தின் மாதிரி 1971-இல் லண்டனின் சிஸ்விக் பகுதியில் எரின் பிட்ஸி தொடங்கிய இல்லத்திலிருந்து கிளைத்தது. அதன்பின் மேனாடுகளில் எழுந்த காப்பகங்களில் பெரும்பாலானவை தம் முகவரியை ரகசியமாக வைப்பதையே முதல் விதியாகக் கொண்டன. பத்து லட்சம் பேர் வாழும் நகரில் இவ்விதி உயிரைக் காக்கும். ஆனால் திண்டிவனம் போன்ற ஒரு சிற்றூரில், பஸ் நிலையத்தில் கைப்பையோடும் குழந்தையோடும் இறங்கும் பெண்ணை, டீக்கடைக்காரர் இன்னார் மகள் என்று அறிவார். ஆட்டோக்காரர் எந்த வீதியில் இறக்கிவிட்டோம் என்பதை மறக்கமாட்டார். காப்பகத்தில் சமையல் செய்பவள் அவளுடைய சிற்றன்னைக்கு அண்டை வீட்டுக்காரியாயிருப்பாள். மறைவு என்பது நகரத்தின் செல்வம். அச்செல்வம் இல்லாத இடத்தில் அதை அஸ்திவாரமாகக் கொண்டு இல்லம் எழுப்புவது, நாட்டுப்புறத்துக் காப்பகங்கள் தேசந்தோறும் கண்டுவரும் சங்கடம்.

2005-இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இவ்விஷயத்தில் எதிர்பாராத விவேகத்தைக் காட்டுகிறது. அதன் ஆறாம் பிரிவு, கேட்டு வரும் பெண்ணுக்குக் காப்பகம் இடமளித்தாக வேண்டும் என்கிறது. அதைவிடப் பெரியது பதினேழாம் பிரிவு. கணவனோடு கூடி வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து வசிக்கும் பாத்தியதை, அவ்வீட்டின் மேல் சொத்துரிமை இருந்தாலும் இல்லாவிட்டாலும், மனைவிக்கு உண்டு என்று அது அறுதியிடுகிறது. வெளியேற வேண்டியவர் அடித்தவரா, அடிபட்டவளா என்ற வினாவைச் சட்டம் முதன்முறையாக இவ்வளவு தெளிவாகக் கேட்டது. கறவை மாடும் காணி நிலமும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் ஓர் ஊரிலேயே இருக்கும் உழவுப் பெண்ணுக்கு, தூரத்து நகரத்தின் தங்குமிடத்தைக் காட்டிலும் இந்த உரிமையே மெய்யான அடைக்கலம். ஆனால் நீதிமன்றத்தின் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு அவ்வீட்டில் இரவில் படுத்திருக்க வேண்டியவள் அவள். அண்டை அயலார் எழுந்து வருவார்கள் என்ற நிச்சயம் இன்றேல் அந்தக் காகிதம் என்ன செய்யும்?

2015 முதல் மாவட்டந்தோறும் அமைக்கப்பட்டு வரும் ஒருங்கிணைந்த சேவை மையங்களில், வைத்தியமும் சட்ட உதவியும் போலீஸ் உதவியும் ஓரிடத்தில் கிடைக்கும். அங்கே தற்காலிகமாக ஐந்து நாள் வரை தங்கலாம். 1993-இல் தென்னாற்காட்டிலிருந்து பிரிந்த விழுப்புரம் மாவட்டம், 2019-இல் கள்ளக்குறிச்சி தனியே சென்ற பின்னும் பரந்த நாட்டுப்புறமே. இதில் மாவட்டத் தலைநகரை ஒருத்தி அடைவதற்கே ஒரு பகற்பொழுது கழியும். மேற்பார்வையின் முக்கியத்துவத்தையும் இம்மாவட்டம் கசப்போடு கற்றிருக்கிறது. பெண்களும் குழந்தைகளும் தங்கும் இல்லங்கள் யாவும் உரிமம் பெற வேண்டும் என்று 2014-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்திருந்தும், 2023 பிப்ரவரியில் குண்டலப்புலியூரில் உரிமமின்றி நடந்த ஓர் ஆதரவற்றோர் இல்லத்திலிருந்தோர் அதிகாரிகளால் மீட்கப்பட்டனர். துன்புறுத்தல் பற்றிய கடுமையான புகார்கள் எழுந்து, விசாரணை சி.பி.சி.ஐ.டி.யிடம் ஒப்படைக்கப்பட்டது. ஊருக்குள் இருந்தும் ஊராரின் கண் படாத கட்டடம் எதுவாயினும் அதை ஐயுறுவதே நலம்.

சிற்றூர்களுக்கேற்ற வேறு வழி உண்டா என்று கேட்போருக்கு இரண்டு உதாரணங்கள் சொல்லலாம். புதுக்கோட்டையில் தாவூத் ஷரீபா கானம் நடத்திவரும் ஸ்டெப்ஸ் என்னும் பெண்கள் அமைப்பு, மணமுறிவும் வரதட்சிணையும் பற்றிய வழக்குகளைப் பெண்களுக்கு இடமில்லாத முஸ்லிம் ஜமாத்துகள் ஆண்களின் வாக்குமூலத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்பதைக் கண்டு, பெண்களே கூடி விசாரிக்கும் ஜமாத் ஒன்றை அமைத்தது. வழக்கு ஒளிவுமறைவின்றிப் பெண்களின் சபையில் பேசப்பட்டது என்பதே அதன் பலம். மற்றொன்று நம் தென்னாற்காட்டிலும் நடந்தது. 1989-இல் தர்மபுரியில் தொடங்கிய தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் அடுத்த கட்டத்தில் தென்னாற்காடு முதலிய மாவட்டங்களுக்கு விரிந்தது. சிறுசேமிப்புக்காகவும் கடனுக்காகவும் கூடிய அந்தக் குழுக்களால், ஊரில் பத்திருபது பெண்கள் வாரந்தோறும் ஓரிடத்தில் உட்காரும் பழக்கம் வந்தது. ஒருத்தி ஒரு வாரம் வரவில்லையென்றால், ஏன் வரவில்லை என்று விசாரிக்க ஆளுண்டு. முகத்தில் காயத்தோடு வந்தால் அதைப் பார்க்க இருபது ஜோடிக் கண்கள் உண்டு. இக்குழுக்களின் மேல் அடைக்கலத்தின் பொறுப்பைச் சட்டபூர்வமாக ஏற்றி, கிராம சபைத் தீர்மானத்தால் அதை உறுதிப்படுத்தினால், விடாலின் பிரதிக்ஞைக்கு இக்காலத்து உருவம் ஒன்று கிடைக்கும்.

ஆயினும் ஊராரே பகைவராகும் ஒரு சந்தர்ப்பத்தை இவ்வாதம் முற்றிலும் மறந்துவிடலாகாது. சாதி கடந்து மணம் செய்துகொண்ட பெண்ணுக்குக் கிராம சபையின் தீர்மானம் கவசமாவதற்குப் பதிலாக வலையாகவே முடியக்கூடும். 2003-இல் விருத்தாசலத்தை அடுத்த ஒரு கிராமத்தில், அவ்வாறு மணந்த இளம் தம்பதிகள் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டனர். பெண்ணை வெளியூரில் உறவினர் வீட்டில் மறைத்து வைத்திருந்தும், தேடிப்பிடித்து அழைத்துவந்து அக்கொடுமை நிகழ்த்தப்பட்டது. கடலூர் நீதிமன்றத்தின் தீர்ப்பு 2021-இல்தான் வந்தது. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் சக்திவாகினி வழக்கில், இத்தகைய தம்பதிகளுக்கு மாவட்டத் தலைநகரங்களில் பாதுகாப்பான வீடுகளை ஏற்படுத்துவது பற்றி அரசுகள் ஆலோசிக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. கணவனுக்கு அஞ்சி வரும் பெண்ணுக்கு ஊரின் சாட்சி வேண்டும். ஊருக்கே அஞ்சி வரும் பெண்ணுக்கு ஊரறியாத கதவு வேண்டும். இவ்விரண்டையும் ஒரே திட்டத்தின் கீழ், ஒரே கட்டடத்தில், ஒரே விதிமுறையால் நிறைவேற்ற முயல்வதால்தான் நம் காப்பகங்கள் இரு திறத்தாருக்கும் அரைகுறையாகப் பயன்படுகின்றன.